தந்தியில் வந்த மருத்துவர்

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் யாருக்கும் எளிதில் நினைவுக்கு வருபவை. நான்காவதாக அவர் வைப்பது 'உழைச்செல்வான்' என்னும் ஒருவனை. 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று மருந்தைப் பக்குவம் தவறாமல் கொடுப்பவன் அவன். குறளை வகுப்பில் நடத்தும் நாம் பலரும் முதல் மூன்றை விரிவாக விளக்கிவிட்டு, நான்காமவனைச் 'செவிலியர்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவதே வழக்கம். ஆனால் வள்ளுவர் அவனை மருத்துவனுக்குச் சமமாக, நாலில் ஒரு பங்காக நிறுத்தியிருக்கிறார்.

இந்த நான்கும் ஓரிடத்தில் கூடியிருக்கும் என்பது பழங்கால மருத்துவத்தில் சொல்லாமலே விளங்கும் செய்தி. மருத்துவர் நோயாளியின் வீட்டுக்கு வருவார். அல்லது நோயாளியைக் கட்டிலோடு மருத்துவரிடம் தூக்கிச் செல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தி வந்தபோது இந்தக் கூட்டு முதன்முறையாகப் பிரிந்தது. மருத்துவர் ஆயிரம் கல் தொலைவில் இருக்க, மற்ற மூவரும் இங்கே இருக்கும் நிலை உண்டாயிற்று. இன்று தொலைமருத்துவம் என்று நாம் அழைப்பதன் வேர் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. பேரிடரிலும் ஆபத்திலும் அது எவ்வாறு கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதைச் சில வரலாற்று நிகழ்வுகளின் வழியே இங்கு காண்போம். அந்த நிகழ்வுகள் ஒவ்வொன்றிலும் நம் கண் தேட வேண்டியது நான்காமவனை.

*

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் கிம்பர்லி என்னும் வறண்ட பெருநிலம் உள்ளது. 1885-இல் அங்கே தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தனர். சில ஆண்டுகளிலேயே ஆசை அடங்கிக் கூட்டம் கலைந்தது. எஞ்சி நின்றது ஹால்ஸ் கிரீக் என்னும் சிற்றூர். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே ஒரு நாள் பயணம். ஊரில் மருத்துவர் இல்லை, மருத்துவமனை இல்லை. ஆனால் ஓர் அஞ்சலகம் இருந்தது, அதில் தந்தி இருந்தது.

1917 ஜூலை மாத இறுதியில் ஜிம்மி டார்சி என்னும் மாடு மேய்க்கும் இளைஞர், மிரண்டோடிய மந்தையின் நடுவே குதிரையோடு விழுந்து படுகாயமுற்றார். நண்பர்கள் அவரை வண்டியிலேற்றிப் பன்னிரண்டு மணி நேரம் கரடுமுரடான பாதையில் ஹால்ஸ் கிரீக்குக்குக் கொண்டுவந்தனர். அங்கே அவர்கள் தேடிச் சென்றது அஞ்சலகத்தை. அஞ்சலதிகாரி டக்கெட் என்பவர் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்; அந்த ஊரில் மருத்துவத்தின் நிழலாவது பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

காயத்தைப் பார்த்த டக்கெட், இது தம் கைக்கு மீறியது என்று உணர்ந்தார். முதலில் விண்டம் என்னும் துறைமுக ஊருக்கும், பிறகு டெர்பிக்கும் தந்தி அடித்தார். இரண்டு இடத்திலும் மருத்துவர் கிடைக்கவில்லை. கடைசியில் மாநிலத் தலைநகரான பெர்த்துக்குத் தந்தி போயிற்று. அங்கே மருத்துவர் ஹாலந்து தந்தியின் மறுமுனைக்கு வந்தார். டக்கெட் ஒரு காலத்தில் முதலுதவி பயின்றது இவரிடம்தான். இருவருக்கும் இடையே ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் தொலைவு.

கேள்விகள் மோர்ஸ் குறியீட்டில் வந்தன. விடைகள் மோர்ஸ் குறியீட்டில் சென்றன. வலி எங்கே, வீக்கம் எப்படி, சிறுநீர் கழிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்த ஹாலந்து, சிறுநீர்ப்பை சேதமுற்றிருப்பதாக முடிவு செய்தார். உடனே அறுத்துத் திறக்காவிட்டால் நோயாளி பிழைக்க மாட்டார். அறுப்பவர் அஞ்சலதிகாரியாகத்தான் இருக்க முடியும். அறுவைக் கருவி எதுவும் அங்கே இல்லை. கூர்மையானதாக இருந்தது ஒரு பேனாக்கத்தி. மயக்க மருந்தும் இல்லாததால் விஸ்கி கொடுத்தார்கள். அஞ்சல்தலை விற்கும் மேசையின் மேல் டார்சியைக் கிடத்திக் கட்டினார்கள். தந்திக் கருவியின் ஓசை ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, டக்கெட் அறுத்தார். முதல் முறை போதாமல் மீண்டும் ஒருமுறை அறுக்க வேண்டியதாயிற்று.

அந்த அறையில் இருந்த மனிதரின் நிலையை நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம். அவர் அறுவை மருத்துவர் அல்லர். ஊருக்குக் கடிதம் பிரித்துக் கொடுப்பவர். தாம் அறிந்த ஒருவரின் உடலில், வாழ்நாளில் செய்திராத ஒன்றை, கண்ணால் காணாத ஆசிரியரின் சொல்லை நம்பிச் செய்கிறார். தவறினால் கொலை, செய்யாவிட்டாலும் சாவு. மருத்துவரின் அறிவு கம்பி வழியே வந்து சேர்ந்துவிட்டது. துணிவை எந்தக் கம்பியும் கொண்டுவரவில்லை. அது அந்த அறையிலேயே இருந்தாக வேண்டியிருந்தது.

அறுவை வெற்றி பெற்றது. ஆனால் ஹாலந்துக்கு அமைதியில்லை. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அவர் புறப்பட்டார். மாடுகளை ஏற்றும் கப்பலொன்றில் கடல் வழியே டெர்பி; அங்கிருந்து ஃபோர்டு மோட்டார் வண்டி; அது நின்றபின் குதிரை வண்டி; இறுதியில் கால்நடை. பத்து நாட்கள் இப்படிப் பயணம் செய்து அவர் ஹால்ஸ் கிரீக்கை அடைந்தபோது, டார்சி முந்தைய நாள் இறந்திருந்தார்.

இறப்பின் காரணம் வேறு. ஹாலந்து சோதித்துப் பார்க்கையில், அறுவை செய்த இடம் நன்றாக இருந்தது. டார்சியின் உடலில் யாரும் கண்டறியாத மலேரியா இருந்தது. குடல்வாலில் சீழ்க்கட்டி ஒன்று உடைந்திருந்தது. குதிரையிலிருந்து விழுந்தவர் என்பதால் எல்லோருடைய கவனமும் விழுந்த காயத்தின் மேலேயே இருந்துவிட்டது. கேட்ட கேள்விக்கான விடையைத் தந்தி சுமந்து சென்றது. யாரும் கேட்காததும், யாரும் காணாததும் பெர்த்துக்குப் போய்ச் சேரவில்லை.

தொலைமருத்துவத்தின் ஆற்றலும் குறையும் இந்த ஒரே நிகழ்வில் அடங்கிக் கிடக்கின்றன என்பது நம் கருத்து. பின்னால் வந்த கருவிகள் எல்லாம் இந்த இரண்டு இடங்களைத்தான் தைக்க முயன்றன. ஒன்று, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பழக்குவது. மற்றொன்று, அவர் கண்டதைக் குறைவின்றி எடுத்துச் சொல்ல அவருக்கு ஒரு மொழி தருவது.

*

உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்நாளில், போர்முனைச் செய்திகளோடு டார்சியின் நிலையையும் ஆஸ்திரேலிய நாளேடுகள் நாள்தோறும் வெளியிட்டு வந்தன. நாடே அறிந்த அந்தச் சாவைத் தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டவர் ஜான் ஃபிளின் என்னும் பிரஸ்பிட்டேரியன் பாதிரியார். 1912-இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலிய உள்நாட்டு மிஷனின் தலைவர் அவர். உள்நிலத்து மக்களுக்குச் சிறு மருத்துவ விடுதிகள் அமைத்து வந்தவர். 1917 இறுதியில் கிளிஃபர்ட் பீல் என்னும் இளம் விமானப்படை வீரர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மருத்துவ மாணவராக இருந்து போருக்குச் சென்றவர் பீல். மருத்துவரை விமானத்தில் அனுப்பினால் என்ன என்று கேட்டு, அதற்கான செலவையும் தூரத்தையும் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் பீல் மறைந்தார். கடிதம் மட்டும் ஃபிளினிடம் தங்கியது.

அது செயலாவதற்குப் பத்தாண்டுகள் ஆயின. 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் கிளான்கரி என்னும் ஊரிலிருந்து மருத்துவர் வெல்ச், குவாண்டாஸ் நிறுவனத்தின் ஒற்றை எஞ்சின் விமானத்தில் முதல் பயணம் மேற்கொண்டார். முதலாண்டில் 50 பயணங்கள், 225 நோயாளிகள். பறக்கும் மருத்துவர் சேவை என்று உலகம் அறிந்த அமைப்பு இவ்வாறு பிறந்தது.

விமானம் கிடைத்துவிட்டது; ஆனால் விமானத்தை அழைப்பது எப்படி? தந்திக் கம்பி எல்லாப் பண்ணைக்கும் போகவில்லை. கம்பியில்லாத் தந்தி வைக்கலாம் என்றால் மின்சாரம் இல்லை. கனமான மின்கலங்களைப் பாலைவெளியில் சுமந்து திரிவதும் ஆகாத காரியம். ஆல்பிரட் டிரேகர் என்னும் அடிலெய்டு பொறியாளர் இதற்கு விடை கண்டார். கையால் சுழற்றும் மின்னாக்கியை முதலில் முயன்றார். ஒருவரே ஒரு கையால் சுழற்றி மறுகையால் செய்தி அடிப்பது இயலவில்லை. பிறகு அதை மிதிவண்டியின் பெடலோடு பொருத்தினார். காலால் மிதித்தால் மின்சாரம் பிறக்கும். இரண்டு கைகளும் விடுபட்டிருக்கும். 1929-இல் அத்தகைய வானொலிக் கருவிகள் குயின்ஸ்லாந்துப் பண்ணைகளில் வைக்கப்பட்டன. மோர்ஸ் பயிலாதவர்களுக்காகத் தட்டச்சுப்பொறி போன்ற ஒரு கருவியையும் டிரேகர் செய்து தந்தார். எழுத்தைத் தட்டினால் அதுவே மோர்ஸ் குறியீடாக மாறிச் செல்லும். 1930களின் நடுப்பகுதியில் நேரடியாகப் பேசும் வசதியும் வந்தது.

அந்தக் கருவியின் முன் அமர்ந்தவர்களில் மிகப் பலர் பண்ணை வீட்டுப் பெண்கள். ஆண்கள் மாடுகளோடு நாட்கணக்கில் வெளியே இருப்பார்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், வேலையாளுக்குக் கால் முறிந்தால், பெடலை மிதித்து மருத்துவரை அழைப்பவள் அவள். மருத்துவர் சொன்னதைச் செய்பவளும் அவளே. டக்கெட் தம் வாழ்வில் ஒருமுறை ஏற்ற வேடத்தை இப்பெண்கள் வாழ்நாள் முழுதும் ஏற்றனர்.

இவர்களுக்கென இரண்டு எளிய பொருட்கள் உருவாயின. முதலாவது மருந்துப்பெட்டி. 1942 முதல் பண்ணைகளுக்கு ஒரே வகையான பெட்டிகள் வழங்கப்பட்டன. உள்ளேயிருக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். வாயில் நுழையாத மருந்துப் பெயரை வானொலி இரைச்சலில் உச்சரித்து, மறுமுனையில் அதைத் தவறாகக் கேட்டு உயிருக்கு ஆபத்து வரும் நிலை இதனால் நீங்கியது. இன்ன எண் மாத்திரை, இத்தனை வேளை என்றால் போதும். இரண்டாவது, 1950களின் தொடக்கத்தில் வந்த உடல் வரைபடம். மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வரையப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் எண் இடப்பட்டிருந்தது. வலி எந்த எண்ணில் என்று சொன்னால் மருத்துவருக்கு இடம் விளங்கிவிடும்.

இந்த வரைபடத்தின் அருமையை மொழி கற்பிக்கும் நம்மைப் போன்றோர் எளிதில் உணரலாம். 'வயிற்றிலே வலி' என்றால் எந்த இடம்? நம் பாட்டிமார் 'நெஞ்சைக் கரிக்கிறது' என்பதும், 'அடிவயிற்றைப் பிசைகிறது' என்பதும் அருகில் இருப்பவர்க்கு விளங்கும். முகம் காணாத அயலாருக்கு விளங்காது. மேலும், அந்த வானொலியில் பேசுவதைச் சுற்றுவட்டப் பண்ணைகள் அனைத்தும் கேட்க முடியும். ஊரே கேட்க ஒரு பெண் தன் உடலைப் பற்றிப் பேச வேண்டிய இக்கட்டில், எண் அவளுக்கு ஒரு திரையாகவும் அமைந்திருக்கும்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடலாகாது. மருத்துவ அழைப்பும் தந்திச் செய்திகளும் முடிந்தபின், வானொலி அலைவரிசை பொதுப் பேச்சுக்குத் திறந்துவிடப்பட்டது. பண்ணைப் பெண்கள் ஒருவரோடொருவர் ஊர்க்கதை பேசினார்கள். சமையல் குறிப்பு பரிமாறினார்கள். இதைக் 'காலா நேரம்' என்று வேடிக்கையாக அழைத்தனர். காலா என்பது ஓயாமல் கூச்சலிடும் இளஞ்சிவப்பு நிறக் கிளியினம். ஃபிளின் தொடங்கிய சேவையின் வரலாற்றில் இந்த அரட்டை ஓர் அடிக்குறிப்பாகவே வரக்கூடும். நமக்கோ அது மையமான செய்தியாகப் படுகிறது. நாள்தோறும் பேசிப் பழகியதனால்தான் ஆபத்து வேளையில் அவர்களுடைய கை நடுங்கவில்லை. கருவி கெட்டுப்போனால் மறுநாளே தெரிந்துவிடும். மறுமுனையில் இருக்கும் மருத்துவரின் குரல் அவர்களுக்கு முன்பே அறிமுகமான குரல். ஆபத்துக்கென்று மட்டும் பூட்டி வைத்த கருவி, ஆபத்து வரும்போது துருப்பிடித்திருக்கும்.

*

ஆஸ்திரேலியாவின் உள்நிலத்துக்கு நிகரான தனிமை நடுக்கடலுக்கும் உண்டு. சரக்குக் கப்பல்களில் மருத்துவர் இருப்பதில்லை; கப்பல் தலைவரோ துணை அதிகாரியோ மருந்துப்பெட்டிக்குப் பொறுப்பேற்பார். 1935-இல் குய்டோ குய்டா என்னும் இத்தாலிய மருத்துவர் ரோம் நகரில் பன்னாட்டு வானொலி மருத்துவ மையத்தை நிறுவினார். கம்பியில்லாத் தந்தியைக் கண்ட மார்க்கோனியே அதன் முதல் தலைவர். எந்த நாட்டுக் கொடி பறக்கும் கப்பலாயினும், கட்டணமின்றி மருத்துவ ஆலோசனை வழங்குவது அதன் நெறி.

இங்கே மற்றொரு சிக்கல் எழுந்தது. கப்பலின் மொழி ஒன்று, மருத்துவரின் மொழி வேறொன்று. 1969 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட பன்னாட்டுக் கப்பற் குறியீட்டு நூலில் மருத்துவத்துக்கென ஒரு தனிப்பகுதி உள்ளது. நோயின் அறிகுறி ஒவ்வொன்றுக்கும் எழுத்துக் குறியீடு. அதனோடு, எண்ணிட்ட உடல் வரைபடமும் மருந்துகளின் பட்டியலும். பண்ணை வீட்டுக்கும் கப்பல் தளத்துக்கும் கிடைத்த விடை ஒன்றேயாக இருப்பது வியப்பில்லை. இரண்டு இடத்திலும் தேவைப்பட்டது, பக்கத்தில் இருப்பவர் கண்டதைத் தொலைவில் இருப்பவருக்குப் பிழையின்றிச் சொல்ல ஒரு வழி.

*

இதுவரை கண்டவை தனி மனிதருக்கு நேர்ந்த ஆபத்துகள். ஒரு நகரமே சரிந்து விழும்போது என்ன ஆகும்?

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரை நிலநடுக்கம் தாக்கியது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா, ஏ.டி.எஸ்-3 என்னும் செயற்கைக்கோள் வழியே ஒருநாளுக்குள் மீட்புக் குழுக்களுக்குக் குரல் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தது. 1967-இல் ஏவப்பட்ட பழைய கோள் அது. பதினெட்டு ஆண்டுகளாக வானில் இருந்ததால்தான் ஒரு நாளில் உதவ முடிந்தது.

1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் நிலம் நடுங்கியது. ஸ்பிடாக், லெனினாகான் முதலிய ஊர்கள் தரைமட்டமாயின. குறைந்தது 25,000 பேர் மாண்டனர். மருத்துவமனைகளும் இடிந்தன; மருத்துவர்களும் செவிலியரும் இடிபாட்டில் சிக்கி இறந்தனர். அன்று சோவியத் அதிபர் கோர்பசேவ் ஐ.நா. அவையில் உரையாற்ற நியூயார்க் சென்றிருந்தார். பயணத்தைச் சுருக்கித் திரும்பினார். பனிப்போர் தணிந்துவந்த அவ்வேளையில் இரு வல்லரசுகளும் கைகோத்து 'விண்வெளிப் பாலம்' என்னும் திட்டத்தை உருவாக்கின. ஆர்மீனியத் தலைநகர் யெரவானுக்கும், யூட்டா, டெக்சாஸ், மேரிலாந்து மாநிலங்களில் இருந்த நான்கு அமெரிக்க மருத்துவ மையங்களுக்கும் இடையே செயற்கைக்கோள் இணைப்பு அமைந்தது. யெரவானிலிருந்து நோயாளியின் படம் அமெரிக்காவுக்குச் சென்றது. குரல் இருபுறமும் போய்வந்தது. தாள்கள் தொலைநகலில் அனுப்பப்பட்டன.

ஆனால் இந்தப் பாலம் செயல்படத் தொடங்கியது 1989 மே மாதத்தில். நிலநடுக்கம் நிகழ்ந்து ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. இடிபாட்டின் அடியில் கிடந்தவர்களுக்கு அது உதவியிருக்க வழியில்லை. உறுப்பிழந்தவர்கள், ஆறாத புண்ணுடையவர்கள், மனம் உடைந்தவர்கள் ஆகியோருக்கான நீண்டகாலச் சிகிச்சையில் அது பயன்பட்டது. அதுவும் சிறிய உதவியன்று. இரு நாட்டு மருத்துவர்களும் கலந்து பேசியதில், பலருக்கு நோய்க் கணிப்பே மாறியது.

பாலம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு பேரிடர் நேர்ந்தது. 1989 ஜூன் 4 அன்று ரஷ்யாவின் உஃபா நகருக்கு அருகே எரிவாயுக் குழாய் கசிந்து, பள்ளத்தில் தேங்கியிருந்த வாயு தீப்பற்றியது. எதிரெதிராகச் சென்ற இரண்டு பயணிகள் ரயில்கள் அந்தத் தீயில் சிக்கின. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் விடுமுறைப் பயணம் சென்ற குழந்தைகள் பலர். நூற்றுக்கணக்கானோர் கடும் தீக்காயங்களோடு மருத்துவமனைகளில் கிடந்தனர். யெரவானுக்காகப் போட்ட பாலம் உஃபாவுக்கு நீட்டிக்கப்பட்டது. அமெரிக்கத் தீக்காய மருத்துவர்களின் ஆலோசனை அங்கே சென்று சேர்ந்தது. முதல் பேரிடருக்கு ஐந்து மாதம் பிந்தி வந்த அதே கருவி, இரண்டாவது பேரிடருக்கு, நோயாளிகள் இன்னும் ஆபத்தில் இருக்கையிலேயே வந்து சேர்ந்தது. கருவி மாறவில்லை. முன்பே அது அங்கே இருந்தது என்பதே வேறுபாடு.

*

இனி நம் பக்கத்து நிகழ்வுகளுக்கு வருவோம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2001-ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் வழியே மருத்துவமனைகளை இணைக்கும் முயற்சியில் இறங்கியது. அந்தமான் தலைநகராக அன்று போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையும், சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையும் 2002-இலேயே இணைக்கப்பட்டுவிட்டன. கடல்தாண்டிச் சென்னைக்கு வர வேண்டிய தீவு நோயாளிகள், தங்கள் மருத்துவர் அருகிலிருக்கச் சென்னை வல்லுநரிடம் கலந்து பேச அது வழி செய்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இரண்டாண்டுக்கு மேலாகப் பழகிய இணைப்பு ஒன்று அங்கே இருந்தது. ஆயினும் அது போர்ட் பிளேரோடு நின்றது. நிக்கோபார் தீவுகளின் கரையில் அடிபட்டுக் கிடந்தவரை அங்கே கொண்டுவரக் கப்பலும் விமானமும் வேண்டியிருந்தன. இணைப்பு எட்டிய இடம் வரை மட்டுமே தொலைவு குறைந்தது.

2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது பேரிடரின் இயல்பே மாறிப்போயிற்று. நிலநடுக்கத்தில் சாலை அறுந்ததால் மருத்துவரை அடைய முடியவில்லை. பெருந்தொற்றில் சாலை நன்றாகத்தான் இருந்தது, நெருங்குவதே ஆபத்தாயிற்று. ஊரடங்கின் முதல் நாளான மார்ச் 25 அன்று, நடுவண் அரசு தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அதுவரை இத்துறைக்குத் தெளிவான விதிகள் இருக்கவில்லை. ஏப்ரல் 13 அன்று இ-சஞ்சீவனி என்னும் அரசுத் தளம், வீட்டிலிருந்தபடியே மருத்துவரைக் காணும் சேவையைத் தொடங்கியது. இவ்வளவு விரைவு எப்படி இயன்றது என்றால், மருத்துவரும் மருத்துவரும் கலந்து பேசுவதற்கான அதன் முந்தைய வடிவம் 2019 நவம்பரிலேயே இயங்கத் தொடங்கியிருந்தது. தொடக்க மாதங்களில் அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது.

2021-இன் இரண்டாம் அலையை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டின் ஓர் அறையில் நோயாளி. கதவுக்கு வெளியே மகளோ மருமகனோ. விரல்நுனியில் பொருத்திய சிறு கருவி காட்டும் எண்ணைத் தொலைபேசியில் மருத்துவருக்குச் சொல்கிறார்கள். தொண்ணூற்றாறு என்றால் நிம்மதி; தொண்ணூறு என்றால் நடுக்கம். பண்ணை வீட்டுப் பெண் உடல் வரைபடத்தைப் பார்த்துச் சொன்ன எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் உறவு உண்டு. எண்பதுக்குக் கீழே இறங்கியபோதோ, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள் என்பதற்கு மேல் மறுமுனைக் குரலால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நாட்டின் பல இடங்களில் படுக்கைக்கும் உயிர்வளிக்கும் மக்கள் அலைந்தனர். நான்கு கூறுகளில் மருந்து இல்லாதபோது, மற்ற மூன்றும் கூடியிருந்தும் பயனில்லை என்பதை அந்நாட்கள் நமக்குக் கற்பித்தன.

அந்த 2020 நெறிமுறையைப் படிக்கையில் இரண்டு செய்திகள் நம் கவனத்தை ஈர்க்கின்றன. தொலைமருத்துவத்தில் மருத்துவரை அணுகக் கூடியவர்கள் யார் யார் என்று அது வகுக்கிறது. நோயாளி தாமே அணுகலாம். அவரைப் பேணுபவர் அணுகலாம். நலவாழ்வுப் பணியாளர் அணுகலாம். மற்றொரு மருத்துவரும் அணுகலாம். பேணுபவரையும் பணியாளரையும் தனித்தனியே பெயர் சொல்லி நிறுத்தியிருப்பதில் உழைச்செல்வான் சட்ட மொழிக்குள் வந்துவிட்டான். இரண்டாவது செய்தி அவசரநிலை பற்றியது. உயிருக்கு ஆபத்தான வேளையில், முதலுதவியும் உயிர்காக்கும் வழிகளும் தொலைவிலிருந்து கூறலாம். ஆனால் எல்லா நேர்வுகளிலும் நோயாளி கூடிய விரைவில் மருத்துவரை நேரில் காண வேண்டும் என்று அறிவுறுத்தியே தீர வேண்டும் என்கிறது அது.

1917-இல் இப்படி ஒரு விதி இல்லை. ஆயினும் அதன் பொருளை ஹாலந்து அறிந்திருந்தார். தந்தியில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபின், கடமை முடிந்தது என்று அவர் பெர்த்திலேயே இருந்திருக்கலாம். அவர் மாட்டுக் கப்பலில் ஏறினார். தந்தி கொடுத்தது சில வாரக் கால அவகாசம். அந்த அவகாசத்துக்குள் நேரில் போய்ச் சேர்வதற்கே அவர் அந்தப் பத்து நாட்களும் போராடினார். ஒரு நாள் பிந்திவிட்டார். அந்த ஒரு நாளைக் குறைப்பதற்காகவே ஃபிளினும் டிரேகரும் பின்னர் உழைத்தார்கள் என்று கொள்ளலாம்.

இன்று ஊர்தோறும் கைப்பேசி இருக்கிறது. மருத்துவரின் முகமும் அதில் தெரிகிறது. அடுத்த பேரிடருக்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்ற கேள்விக்குக் கோபுரங்களின் எண்ணிக்கையை விடையாகச் சொல்வது எளிது. நாம் கேட்க விரும்புவது வேறு. நம் தெருவில் முதலுதவி பயின்றவர் எத்தனை பேர்? கிராமச் செவிலியரின் பெட்டியில் என்ன மருந்து இருக்கிறது? அவர் கடைசியாக எப்போது தொலைவிலுள்ள வல்லுநரோடு பேசிப் பழகினார்? ஒரு நோயாளியின் நிலையை ஐந்து வரியில் குறைவின்றிச் சொல்ல நம் மாணவர்களுக்கு யாராவது கற்றுக் கொடுத்திருக்கிறோமா? இக்கடைசிக் கேள்வி மொழி ஆசிரியர்களாகிய நமக்கும் உரியது.

ஹால்ஸ் கிரீக் ஊர் பின்னாளில் சிறிது தொலைவு தள்ளி வேறிடத்துக்குப் பெயர்ந்துவிட்டது. பழைய ஊர் இருந்த இடத்தில் மண்செங்கல்லால் கட்டிய அஞ்சலகத்தின் சுவர்கள் இடிபாடாக நின்று, இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஆஸ்திரேலிய இருபது டாலர் தாளில் ஃபிளினின் உருவம் உண்டு. விமானமும் டிரேகரின் பெடல் வானொலியும் அதில் உள்ளன. பேனாக்கத்தியோடு மேசையருகே நின்ற அஞ்சலதிகாரிக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. உழைச்செல்வானுக்கு நாலில் ஒரு பங்கு கொடுத்த குறளை அடுத்த முறை வகுப்பில் நடத்தும்போது, அவர் பெயரையும் நாம் ஒருமுறை சொல்லலாம்.